கட்டற்ற பொருளா, தனித்த பொருளா?

போன வாரம் மேலூர்ப் பக்கம் பதினொன்றாம் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். தண்ணீரோடு 10 கிலோ வாளி, கயிற்றில் சீரான வேகத்தில் மேலே வருகிறது. அதன்மேல் செயல்படும் விசைகளை வரையுங்கள். ஒரு பையன் வாளிக்கு ஒரு கட்டம் போட்டுக் கீழ்நோக்கி ஒரே ஒரு அம்பு வரைந்து, 98 நியூட்டன் என்று எழுதியிருந்தான். கயிறு எங்கே தம்பி என்றேன். “கட்டற்ற பொருள்னுதான சார் போட்டிருக்கு, அதான் கயித்த எடுத்துட்டேன்” என்றான். அவன் கையேட்டில் ‘கட்டற்ற பொருள் வரைபடம்’ என்றுதான் அச்சாகியிருந்தது. ஒரு பொருளை மட்டும் தனியாக வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புகளாகக் காட்டும் படம் அது, ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ பாடி டயகிராம்’. அவன் படத்தில் கயிறு மேலே இழுப்பதற்கு அம்பே இல்லை. வெறும் எடை மட்டும் செயல்பட்டால் மேலே வரும் வாளியின் வேகம் குறைந்து, அது திரும்பக் கிணற்றுக்குள்தான் விழும்.

விசை பழைய சொல். கலித்தொகையில் ‘கடுவிசைக் கவணை’ வருகிறது. இன்று விசைத்தறி, விசைப்படகு. நியூட்டன் 1687-இல் லத்தீனில் ‘கார்ப்பஸ்’ என்று எழுதியது ஆங்கிலத்தில் ‘பாடி’ ஆனது, நமக்குப் பொருள். சரி, இதுவரை தகராறு இல்லை. முன்னால் நிற்கும் ‘ஃப்ரீ’யில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

வாளிக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று அந்தச் சொல் சொல்லவில்லை. நாம் மனசுக்குள் செய்யும் ஒரு வேலையைச் சொல்கிறது. வாளியைக் கயிறு, கப்பி, இழுக்கிற கை எல்லாவற்றிலிருந்தும் பிரித்துத் தனியாக வைக்கிறோம். பிரித்த ஒவ்வொரு இடத்திலும் ஓர் அம்பு போடுகிறோம். கயிற்றை அழித்தால் அங்கே இழுவிசை வந்தாக வேண்டும், இந்தக் கணக்கில் அதுவும் 98 நியூட்டன். கட்டு அறுந்துபோகவில்லை, அம்பாக மாறி நிற்கிறது. இதைப் போய்க் ‘கட்டற்ற’ என்று சொன்னால் பிள்ளைகள் கட்டையும் அறுப்பார்கள், அம்பையும் விடுவார்கள். கட்டற்ற மென்பொருள் என்பது நல்ல ஆக்கம், அங்கே யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உள்ள உரிமைதான் பேச்சு. இங்கே உரிமைக்கு என்ன வேலை?

மேல்நிலைப் பாடநூலில் ‘தனித்த பொருளின் விசைப்படம்’ என்று இருக்கிறது. அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. தனிக்குடித்தனம் போனவனுக்குச் சொந்தபந்தம் விட்டுப்போவதில்லை. ‘தனித்த’ என்றால் பிள்ளைக்கு அது புரிகிறது. ‘விசைப்படம்’ என்பதால் எதை வரைய வேண்டும் என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது. ‘வரைபடம்’ என்றால், கணக்கு வகுப்புப் பழக்கத்தில் எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் போட ஆரம்பிக்கிறார்கள். கணினி மொழிபெயர்ப்பு கொடுக்கும் ‘இலவச உடல் வரைபடம்’ இன்னும் மோசம். அதையும் ஒரு மாணவி நோட்டில் அழகாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், படத்தை ஒருமுறை வரைந்து பார்ப்பதில்லை. ‘செங்குத்து விசை’யிலும் இதே கதைதான். பரப்பு ஒரு பொருளைத் தாங்கும் விசைக்கு இந்தப் பெயர். யானைமலைச் சரிவில் ஒரு கல் நிற்பதாகச் சொல்லி வரையச் சொன்னால், பாதி வகுப்பு அந்த அம்பை நேரே வானத்தைப் பார்த்துப் போடுகிறது. ஊர்ப் பேச்சில் செங்குத்து என்றால் நெட்டுக்குத்துதானே! ஆங்கிலத்தில் அது ‘நார்மல்’. லத்தீனில் ‘நார்மா’ என்றால் கொத்தனார் செங்கோணம் பார்க்க வைத்திருக்கும் மூலைமட்டம். சரிவின்மேல் மூலைமட்டத்தை வைத்தால் எழும்பும் திசைதான் அம்பின் திசை. நம் பிள்ளைகள் கையில் நாம் நெட்டுக்குத்து பார்க்கும் தூக்குக்குண்டைக் கொடுத்துவிட்டோம். சரிவு 30 பாகை, கல் 10 கிலோ என்றால் அந்த விசை ஏறக்குறைய 85 நியூட்டன். நேரே மேலே வரைந்தவர்கள் எல்லாரும் 98 என்றே எழுதியிருந்தார்கள். ‘பரப்புக்குச் செங்குத்தான விசை’ என்று நீட்டியே எழுதலாம், ஒரு சொல் கூடினால் என்ன?

ஒத்தக்கடையில் தெரிந்த கொத்தனாரிடம் மூலைமட்டமும் தூக்குக்குண்டும் கேட்டிருக்கிறேன். திங்கள்கிழமை இரண்டையும் வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.