சைட்டேஷன்: பாராட்டுரையா, மேற்கோளா, சுட்டுகையா?

காரைக்குடியில் நடந்த ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு அச்சிட்ட வாழ்த்து மடல் மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. அறுபது நிறைந்த விழா நாயகர் வெளிநாட்டில் நீரிழிவு ஆய்வு செய்யும் மருத்துவர். அவரைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கியவர், ‘4,000 பாராட்டுரைகள் பெற்றவர்’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். மூலத்தில் இருந்த சொல் சைட்டேஷன். எழுதியவரைக் குறைசொல்ல முடியாது. விருது வழங்கும் மேடையில் படிக்கப்படும் புகழுரைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்.

இச்சொல்லின் வேர் இலத்தீனில் உள்ள ‘சிட்டாரே’ என்னும் வினை. அசையச் செய்தல், எழுப்புதல், அழைத்தல் என்பன அதன் பொருள்கள். நீதிமன்றத்துக்கு ஒருவரை வரச்சொல்லி அனுப்பும் அழைப்பாணைக்கு முதலில் பெயராகி, பிறகு தன் கூற்றுக்குத் துணையாக முன்னோர் நூலைச் சாட்சிபோல அழைத்து நிறுத்துவதையும் குறிக்கலாயிற்று. ஆய்வுலகம் எடுத்துக்கொண்டது இந்தப் பிற்பொருளையே: ஓர் ஆய்வுக் கட்டுரை தனக்கு முந்தைய கட்டுரை ஒன்றைத் தன் அடிக்குறிப்பிலோ துணைநூற் பட்டியலிலோ குறிப்பிட்டால், முந்தைய கட்டுரைக்கு ஒரு சைட்டேஷன் சேர்கிறது. விழா நாயகருக்குக் கிடைத்தவை 4,000 புகழுரைகள் அல்ல. அவர் கட்டுரைகளைப் பிறர் பெயர்சொல்லிக் காட்டிய 4,000 இடங்கள்.

தமிழில் இதற்கு ‘மேற்கோள்’ என்று எழுதுவது பெருவழக்கு. ஆனால் அச்சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் வார்த்திகப் (உரைப்) பகுப்பில் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என மூன்று வரும். அங்கே மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. பழஞ்சூத்திரங்களை அப்படியே எடுத்தாள்வதற்குக் காரணம் கூறும் நன்னூல், ‘முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்’ என்கிறது. அதே வெண்பாவில் வரும் ‘மேற்கோள்’ என்ற சொல்லுக்கோ மேற்கொண்ட கொள்கை என்றே பொருள். இன்று அது பிறர் வாசகத்தைச் சொல் மாறாமல் எடுத்துத் தருவதைக் குறிக்கிறது; மேற்கோள் குறி என்ற பெயரே அதற்குச் சாட்சி. மருத்துவக் கட்டுரைகளிலோ பிறர் வாசகத்தை எடுத்தெழுதுவது அரிது. கட்டுரை இன்னது என்று காட்டிவிட்டுப் போவதே வழக்கம். ‘சான்று’ என்பதும் பொருந்தாது, ஏனெனில் காட்டப்படும் கட்டுரை மறுக்கப்படுவதற்காகவும் காட்டப்படலாம்.

ஆகவே என் பரிந்துரை ‘சுட்டுகை’. அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகள் பொருளைக் காட்டுமேயன்றி அது நல்லதா தீயதா என்று சொல்வதில்லை. ஒருவர் தம் கட்டுரையைத் தாமே சுட்டினால் அது ‘தற்சுட்டு’. ‘அகச்சுட்டு’ என்றால் இலக்கணத்தார் சண்டைக்கு வருவார்கள்; ‘அவன்’ போன்ற சொற்களின் உள்ளேயே நிற்கும் சுட்டெழுத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஒரே ஓர் எச்சரிக்கை: ‘சுட்டிய கட்டுரை’ என்று எழுத வேண்டும், ‘சுட்ட கட்டுரை’ என்றால் பேச்சுவழக்கில் திருடிய கட்டுரை ஆகிவிடும்.

கணக்குப் பேரேடு பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. பேரேட்டில் எழுதும் பதிவு, எந்தக் குறிப்பேட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைப் பக்க எண்ணால் காட்டும். அமெரிக்கத் தகவலியலர் யூஜின் கார்ஃபீல்டு 1955இல் முன்மொழிந்து, 1960களில் அச்சில் கொண்டுவந்த அறிவியல் சுட்டுகை அட்டவணை இதைத் தலைகீழாக்கியது: ஒரு பழைய பக்கத்தைப் பிற்காலத்தார் எங்கெல்லாம் காட்டினார்கள் என்று அதில் தேடலாம். தேடுவதற்காகச் செய்த கருவி பின்னாளில் ஆளை எடைபோடும் தராசாயிற்று.

அத்தராசு எண்ணுவது தலைகளை மட்டுமே. நகரத்தார் கோவில் புள்ளிக் கணக்கில், திருமணமான ஆணின் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. செல்வரா, எளியவரா என்று புள்ளி கேட்பதில்லை. சுட்டுகையும் அப்படியே. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் இதழில் வந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதைச் சுட்டியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மறுப்பவை. புரதத்தை அளக்கும் முறையை விளக்கி ஆலிவர் லோரி குழுவினர் 1951இல் எழுதிய கட்டுரை 3 லட்சத்துக்கும் மேல் சுட்டப்பட்டதற்குக் காரணம், அந்த அளவுகோலைப் பயன்படுத்தியவர்களெல்லாம் அதைக் குறிப்பிட்டதுதான். மறுபுறம், காலரா நச்சைக் கண்டறிந்து 1959இல் நேச்சர் இதழில் எழுதிய கொல்கத்தா மருத்துவர் சம்புநாத் டே நெடுங்காலம் உரிய மதிப்பைப் பெறவில்லை. அவர் 1985இல் இறந்தபின், 1986இல் அவருடைய தாக்கத்தைச் சுட்டுகைகளின் வழியே விளக்கி எழுதியவர்களுள் கார்ஃபீல்டும் ஒருவர்.

மடலில் எச்-இன்டெக்ஸ் என்ற சொல்லும் இருந்தது. 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியலர் வகுத்த இதனை ‘எச் சுட்டெண்’ எனலாம். ஐந்து கட்டுரைகள் முறையே 90, 40, 12, 4, 2 முறை சுட்டப்பட்டிருந்தால் சுட்டெண் 4. குறைந்தது நான்கு முறையேனும் சுட்டப்பட்டவை நான்கு கட்டுரைகள் என்பது பொருள். முதற்கட்டுரையின் 90 நாளை 900 ஆனாலும் சுட்டெண் நான்கிலேயே நிற்கும். ‘தாக்கக் காரணி’ என்பது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை சுட்டப்படுகின்றன என்ற கணக்கு; அது இதழுக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. அதை மடலிலிருந்து அடித்துவிட்டேன்.

அச்சான வரி இது: ‘இவருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் 4,000 முறைக்கு மேல் சுட்டியுள்ளனர்.’ பந்தியில் பக்கத்தில் அமர்ந்த ஆச்சி ஒருவர் மடலைப் படித்துவிட்டு, ‘சுட்டினவர்கள் நல்லதாகச் சொன்னார்களா?’ என்று கேட்டார்.