பின்னத்துல விட்டது கால்குலஸ்ல வந்து நிக்கும்

போன மாசம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான், இன்ஜினியரிங் ஃபர்ஸ்ட் இயர். வந்ததும் வராததுமா நோட்டை நீட்டி "மாமா, கால்குலஸ் எனக்கு சுத்தமா ஏறல, லிமிட்டுன்னாலே பயமா இருக்கு"ன்னான். வாங்கிப் பாத்தேன். 1/எக்ஸோட டெரிவேட்டிவ்வை, அதாவது எக்ஸ் மாறும்போது அது எவ்ளோ வேகமா மாறுதுங்கிறதை, எந்த ஃபார்முலாவும் போடாம அடியிலேருந்து கண்டுபிடிக்கணும், அதான் கணக்கு. முதல் ஸ்டெப்புல 1/(எக்ஸ்+ஹெச்)லேருந்து 1/எக்ஸைக் கழிக்கணும், ஹெச்ங்கிறது எக்ஸோட சேர்க்கிற ஒரு சின்ன நம்பர். பையன் மேல இருக்கிறதை அப்படியே விட்டுட்டு கீழ இருக்கிறதை மட்டும் கழிச்சு 1/ஹெச்னு எழுதி வெச்சிருக்கான். அதுக்கப்புறம் ரெண்டு பக்கம் ஓடியிருக்கு, எங்கேயும் போய்ச் சேரல. லிமிட்டு வர்ற இடத்துக்கே அவன் போகல, அதுக்கு முன்னாடியே பின்னத்துல வழுக்கி விழுந்துட்டான்.

"1/4லேருந்து 1/3 போனா எவ்ளோடா?"

"மைனஸ் 1/12 மாமா." டக்குனு சொன்னான்.

"எப்படி?"

"கீழ 12 போட்டு, 3 மைனஸ் 4..."

"அதே தான்டா இங்கயும். 3 இருந்த இடத்துல எக்ஸ், 4 இருந்த இடத்துல எக்ஸ்+ஹெச்."

கொஞ்ச நேரம் நோட்டையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் தானே போட்டான். கீழ எக்ஸையும் எக்ஸ்+ஹெச்சையும் பெருக்கி வெச்சா மேல எக்ஸ் மைனஸ் (எக்ஸ்+ஹெச்), அதாவது வெறும் மைனஸ் ஹெச். அதை ஹெச்சால வகுத்தா மேல இருக்கிற ஹெச் அடிபட்டு போயிடும், மிச்சம் மைனஸ் 1, கீழ எக்ஸும் எக்ஸ்+ஹெச்சும். இப்ப ஹெச்சை சின்னதாக்கிட்டே போங்க, மைனஸ் 1/எக்ஸ் ஸ்கொயர் வந்துடும். கால்குலஸ்னு பாத்தா கடைசி ஒரு வரி தான், அதுக்கு மேல இருக்கிறது எல்லாமே அஞ்சாம் கிளாஸ் ஆறாம் கிளாஸ் சமாச்சாரம்.

நம்பர் போட்டே பாக்கலாம். எக்ஸ் 3னு வெச்சுக்கங்க. ஹெச் 1னா விடை மைனஸ் 1/12, அதாவது மைனஸ் 0.083. ஹெச் 0.1னா மைனஸ் 1/9.3, கிட்டத்தட்ட மைனஸ் 0.1075. ஹெச் 0.01னா மைனஸ் 1/9.03, அது மைனஸ் 0.1107. போய்ச் சேர்ற இடம் மைனஸ் 1/9, அதாவது மைனஸ் 0.1111... அவன் வாயால சொன்ன அந்த 1/12 இருக்கே, அது இந்த வரிசையோட முதல் படி தான். அவனுக்கு தெரியாமலே கால்குலஸ்ல ஒரு படி ஏறியிருக்கான்.

இதை ஏன் இவ்ளோ விரிவா சொல்றேன்னா, நம்ம ஊர்ல பின்னம் ஒரு வருஷம், அல்ஜீப்ரா ஒரு வருஷம், கிராஃப் ஒரு வருஷம், அப்புறம் பதினொண்ணாம் கிளாஸ்ல திடீர்னு லிமிட்டுன்னு தனித்தனி டப்பாவுல போட்டு குடுத்துடுறாங்க, எல்லாம் ஒரே குழம்போட சாமான்னு யாரும் சொல்றதில்ல. அமெரிக்காவுல கம்யூனிட்டி காலேஜ்னு இருக்கு, பல வருஷம் கழிச்சு திரும்ப படிக்க வர்றவங்க நிறைய பேர் அங்க தான் சேருவாங்க. அங்க காலேஜ்லயே அரித்மெட்டிக், அப்புறம் அல்ஜீப்ரா, டிரிக்னாமெட்ரி, ப்ரீ-கால்குலஸ், கால்குலஸ்னு ஏணி மாதிரி கோர்ஸ் வெச்சிருந்தாங்க. ஏணி நீளமானதுல நிறைய பேர் நடுவுலயே நின்னுட்டாங்க, அதனால கலிஃபோர்னியா 2017ல சட்டமே போட்டு, பசங்களை வருஷக்கணக்கா அடிப்படை கோர்ஸ்லயே உக்கார வைக்காம சீக்கிரமா மேல் லெவல் கணக்குக்கு அனுப்பணும்னு மாத்தினாங்க. என்னைக் கேட்டா மேல அனுப்புறது சரி தான், ஆனா பின்னம் வராத பையனுக்கு பின்னத்தை அந்த கால்குலஸ் கணக்குக்குள்ளயே வெச்சு சொல்லிக்குடுக்கணும், அப்பதான் அது எதுக்குன்னு அவனுக்கு உறைக்கும்.

சரி, டெரிவேட்டிவ்னா என்னன்னு இன்னும் சொல்லல. திருச்சியிலேருந்து மதுரை சுமார் 135 கிலோமீட்டர், பஸ் மூணு மணி நேரத்துல போச்சுன்னா சராசரி வேகம் 45. இது வகுத்தல் கணக்கு, எல்லாருக்கும் தெரியும். ஆனா டோல்கேட்ல நின்னப்ப வேகம் 0, காலி ரோட்ல ஒருவேளை 80 இருந்திருக்கும். அந்த ஒரு நொடியில, நொடின்னு கூட இல்ல, அந்த ஒரு கணத்துல வேகம் என்னன்னு கேட்டா என்னத்தை எதால வகுப்பீங்க? கணத்துல பஸ் நகர்ந்த தூரமும் 0, ஆன நேரமும் 0. சைபரை சைபரால வகுக்கணும், அது முடியாது. இந்த ஒரு முட்டுச்சந்தை தாண்டுறது தான் கால்குலஸ்.

கலிலியோ சாய்வான பலகையில உருண்டையை உருட்டி விட்டு ஒரு விஷயம் கண்டுபிடிச்சார். நேரத்தை சமமான துண்டா வெட்டினா முதல் துண்டுல 1 பங்கு தூரம் போகும், அடுத்ததுல 3, அடுத்ததுல 5, அப்புறம் 7. மொத்த தூரத்தை கூட்டிட்டே வாங்க: 1, 4, 9, 16. நேரத்தோட ஸ்கொயர்! இப்ப 3வது நொடி முடியிற கணத்துல வேகம் எவ்ளோன்னு பாக்கலாம். 3லேருந்து 4 வரைக்கும் போன தூரம் 7. 3லேருந்து 3.1 வரைக்கும்னா 9.61 மைனஸ் 9, அதாவது 0.61, அதை 0.1ஆல வகுத்தா 6.1. 3.01 வரைக்கும்னா 6.01. அந்தப் பக்கத்துலேருந்து வந்தா, 2.9லேருந்து 3 வரைக்கும் 5.9, 2.99லேருந்து 5.99. ரெண்டு பக்கமும் நெருக்கிட்டு வந்து நடுவுல 6ஐத் தவிர வேற எதுக்கும் இடம் இல்லாம பண்ணிடுது. அந்த 6 தான் லிமிட்டு, அது தான் அந்த கணத்து வேகம், இதைத் தான் டெரிவேட்டிவ்னு சொல்றாங்க. சைபரை சைபரால யாரும் வகுக்கவே இல்ல, வகுக்கிற இடத்துல எப்பவும் 0.1, 0.01னு உண்மையான நம்பர் தான் இருந்துச்சு.

பழைய தமிழ் அளவைகள்ல அரைக்கால், மாகாணி, முந்திரின்னு பின்னத்துக்கு ஒவ்வொரு பேரா இறங்கிட்டே போவாங்க. முந்திரி 1/320, கீழ்முந்திரி அதுலயும் 1/320, அதை 21ஆ பிரிச்சா ஒரு இம்மி. கணக்கு போட்டா 21,50,400ல ஒரு பங்கு. "இம்மியளவு கூட இல்ல"ன்னு இன்னைக்கும் சொல்றோமே அது இது தான். இம்மி எவ்ளோ சின்னதா இருந்தாலும் சைபர் கிடையாது, அதால தாராளமா வகுக்கலாம். ஹெச்சும் அப்படித்தான், "இன்னும் சின்னதா வேணுமா, இந்தா"ன்னு கேக்க கேக்க சின்னதாகிட்டே போற இம்மி. இந்த விஷயம் தெளிவாகவே ரொம்ப நாளாச்சு. 1734ல பெர்க்லின்னு ஒரு பாதிரியார், முதல்ல ஹெச் சைபர் இல்லன்னு சொல்லி வகுக்கிறீங்க, அப்புறம் சைபர்னு சொல்லி தூக்கி போடுறீங்க, இது என்ன நியாயம்னு நேரடியா கேட்டார். நியாயமான கேள்வி. 1821ல கோஷி, அப்புறம் வையர்ஸ்ட்ராஸ்னு கணித மேதைகள் வந்து தான் லிமிட்டுக்கு ஓட்டையில்லாத விளக்கம் கிடைச்சுது, கேள்வி கேட்டு நூறு வருஷத்துக்கும் மேல. அதனால ஃபர்ஸ்ட் இயர் பையனுக்கு ஒரு வாரத்துல புரியலன்னா அவன் மேல தப்பில்ல.

இப்ப இன்டக்ரேஷன், அதாவது குட்டி குட்டி துண்டுகளைக் கூட்டி மொத்தத்தை எடுக்கிறது. இதைப் பரப்பளவுன்னு ஆரம்பிச்சு சொல்லிக்குடுப்பாங்க, எனக்கு அது பிடிக்காது, ஏன்னா டெரிவேட்டிவ்வோட இது எப்படி சேருதுன்னு தெரியாமலே போயிடும். கலிலியோவோட வரிசையையே எடுங்க. 1, 4, 9, 16ல பக்கத்து பக்கத்து நம்பரைக் கழிச்சா 3, 5, 7. அந்த 3, 5, 7ஐ திரும்ப கூட்டினா 15, அதாவது 16 மைனஸ் 1. நடுவுல இருந்த 4ம் 9ம் ஒரு தடவை கூட்டி ஒரு தடவை கழிச்சு அடிபட்டு போயிடுச்சு, கடைசியும் முதலும் மட்டும் தான் மிச்சம். வித்தியாசங்களை எல்லாம் கூட்டினா மொத்த வித்தியாசம் வரும், அவ்ளோ தான். துண்டுகளை இம்மி இம்மியா ஆக்கிட்டா இதே தான் கால்குலஸோட அடிப்படைத் தேற்றம், டெரிவேட்டிவ்வும் இன்டக்ரேஷனும் ஒண்ணுக்கொண்ணு எதிர்ங்கிறது.

நியூட்டனைப் போலவே தனியா கால்குலஸ் கண்டுபிடிச்ச ஜெர்மன்காரர் லைப்னிட்ஸ் இந்த வழியா தான் உள்ள வந்தார், அதைப் படிச்சப்ப எனக்கு புல்லரிச்சு போச்சு. 1672ல பாரிஸ்ல இருந்தப்ப ஹைகன்ஸ்ங்கிற டச்சு விஞ்ஞானி அவர்கிட்ட ஒரு கணக்கு குடுத்தார்: 1 + 1/3 + 1/6 + 1/10 + 1/15ன்னு முடிவே இல்லாம கூட்டினா எவ்ளோ வரும்? கீழ இருக்கிற 1, 3, 6, 10 எல்லாம் முக்கோண எண்கள், 1, 1+2, 1+2+3ன்னு வர்றது. லைப்னிட்ஸ் எல்லாத்தையும் பாதியாக்கினார்: 1/2, 1/6, 1/12, 1/20. இதுல 1/2ங்கிறது 1 மைனஸ் 1/2, 1/6ங்கிறது 1/2 மைனஸ் 1/3, 1/12ங்கிறது 1/3 மைனஸ் 1/4. ஆமா, அக்கா பையன் சொன்ன அதே 1/12 தான்! இப்ப கூட்டினா நடுவுல இருக்கிறது எல்லாம் அடிபட்டு 1 மட்டும் நிக்கும், பாதியாக்கினதை திரும்ப இரட்டிச்சா விடை 2. மூணு வருஷம் கழிச்சு 1675ல, கூட்டல்ங்கிற அர்த்தத்துல வர்ற லத்தீன் வார்த்தையோட முதல் எழுத்தை நீட்டி இன்டக்ரல் குறியை எழுதினார், வித்தியாசத்துக்கு டி போட்டார். நியூட்டன் 1665, 66லயே வேற வழியில இதே இடத்துக்கு வந்துட்டார், அவர் வேகத்தை வெச்சு யோசிச்சார்.

இன்னொரு கதவு நம்ம பக்கத்துலயே இருந்திருக்கு. கேரளாவுல பதினாலாம் நூற்றாண்டுல சங்கமக்கிராமத்து மாதவன் வழியில வந்தவங்க, வட்டத்தோட வில்லை சின்னச் சின்ன துண்டா வெட்டி, துண்டுக்கு துண்டு வர்ற வித்தியாசத்தை திரும்ப திரும்ப கூட்டி, சைனுக்கு ஒரு முடிவில்லாத தொடர் கண்டுபிடிச்சாங்க. அதுக்கான காரண விளக்கத்தை 1530 வாக்குல ஜ்யேஷ்டதேவர் யுக்திபாஷைங்கிற நூல்ல மலையாளத்துலயே எழுதி வெச்சிருக்கார். எக்ஸ்ங்கிறது கோணம்னு வெச்சா அந்த தொடர் இப்படி வரும்: எக்ஸ், மைனஸ் எக்ஸ் கியூப்/6, பிளஸ் எக்ஸோட அஞ்சாம் அடுக்கு/120, இப்படியே போகும். அந்த 6 எங்கேருந்து வந்துச்சு? 1, 2, 3, 4ஐ கூட்டிட்டே போனா 1, 3, 6, 10. அதையும் கூட்டிட்டே போனா 1, 4, 10, 20. அந்த 20ங்கிறது 4×5×6ஐ 6ஆல வகுத்தது. எண் பெருசாக பெருசாக இது கிட்டத்தட்ட எண்ணோட கியூப்/6 ஆயிடும். கூட்டலை கூட்டினதுல வந்த 6 அது.

அன்னைக்கு சாயங்காலம் அவன்கிட்ட பேப்பரை குடுத்து, கால்குலேட்டர்ல சைன் பட்டனைத் தொடாம சைன் 30 டிகிரி கண்டுபிடின்னு சொன்னேன். இந்த தொடருக்கு கோணத்தை டிகிரியில இல்லாம ரேடியன்ல, அதாவது வில்லோட நீளத்தை ஆரத்தால வகுத்து எடுக்கிற அளவுல, போடணும், 30 டிகிரிங்கிறது ரேடியன்ல 0.5236. அதோட கியூப் 0.14355, 6ஆல வகுத்தா 0.02392. அஞ்சாம் அடுக்கு 0.03935, 120ஆல வகுத்தா 0.00033. டீ ஆறிப்போனது கூட தெரியாம போட்டுட்டு இருந்தான். 0.5236 மைனஸ் 0.02392 பிளஸ் 0.00033.

"0.50001 வருது மாமா. கடைசி 1 ரவுண்ட் பண்ணதுல வந்ததா?"

ஆமாடான்னேன். அடுத்த பேப்பரை எடுத்து 45 டிகிரிக்கு ஆரம்பிச்சுட்டான்.