பெர்ஃபெக்ட் கோட்: 'நிறைவுக் குறிமுறை' என்றால் என்ன?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடை மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் மேல் தே தாரிக் கறை படிந்திருந்தாலும் கைப்பேசி அதைப் படித்துக் காசு கட்டிவிடும். உள்ளே இருக்கும் ரீட்-சாலமன் என்ற பிழைதிருத்தும் குறிமுறைதான் காரணம். இவ்வளவு வேலை செய்தும் கணிதத்தில் அதற்கு 'பெர்ஃபெக்ட் கோட்' என்ற பட்டம் கிடையாது, ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு இங்கே பழுதில்லாதது என்று பொருளே இல்லை.

லத்தீன் மூலத்தில் அது 'முழுக்கச் செய்து முடித்தது'. அமெரிக்கக் கணிதர் ஹாமிங் 1950இல் வெளியிட்ட குறிமுறையைப் பாருங்கள். 7 பிட்டில், அதாவது ஏழு இடங்களில் 0 அல்லது 1 போட்டால், 128 சரங்கள் உண்டு, அவற்றில் 16 மட்டுமே குறிச்சொற்கள், அதாவது அனுப்ப அனுமதிக்கப்பட்டவை. ஒவ்வொரு குறிச்சொல்லும், அதில் ஒரு பிட் மட்டும் புரண்ட 7 சரங்களும் சேர்ந்தால் 8. பதினாறெட்டு 128, மிச்சமும் இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் இல்லை. இப்படி முழுக்க நிரம்புவதைத்தான் 'பெர்ஃபெக்ட்' என்கிறார்கள். அதனாலேயே இரண்டு பிட் புரண்டால் துளி சந்தேகமும் இல்லாமல் தப்பான குறிச்சொல்லுக்குத் திருத்திக் கொடுத்துவிடும்! பெர்ஃபெக்ட் கோட் என்பதைப் போய் 'செம்மைக் குறியீடு' என்று தமிழாக்கினால் எப்படி?

இலங்கைப் பாடநூல்களில் பெர்ஃபெக்ட் ஸ்குவேர் 'நிறைவர்க்கம்'. அந்த வழியில் 'நிறைகுறி' எனலாம், ஆனால் தமிழ்நாட்டு இயற்பியல் நூல்களில் நிறை என்றால் மாஸ், குழப்பம் வரும். குறியீடு என்பதோ சிம்பலுக்கும் ஓடுகிறது. ஆகவே என் ஓட்டு 'நிறைவுக் குறிமுறை'க்கு.

சரி, இப்படி எத்தனை இருக்கின்றன? ஹாமிங் குடும்பம் தவிர மார்செல் கோலே என்ற கணிதர் 1949இல் கொடுத்த இரண்டு, ஒன்று 23 பிட், மற்றது மூன்று எழுத்தில் 11 நீளம். இந்த இரண்டாவதை 1947இலேயே விர்டகல்லியோ என்ற பின்லாந்துக்காரர் பந்தயப் பத்திரிகையில் போட்டிருந்தார்: 11 கால்பந்து ஆட்டங்களுக்கு வெற்றி, தோல்வி, சமன் என்று 1,77,147 விதமாக முடிவு வரலாம், 729 சீட்டு எழுதினால் ஏதோ ஒன்றிலாவது இரண்டுக்கு மேல் தப்பாது. நம் ஊர் நாலு நம்பர் லாட்டரி அண்ணன்கள் 729 சீட்டின் விலையைத்தான் முதலில் கேட்பார்கள்.

கணக்கு ஒத்துவந்தால் மட்டும் போதாது. 90 பிட்டில் இரண்டு பிழை திருத்த, ஒரு குறிச்சொல், ஒரு பிட் புரண்டவை, இரண்டு பிட் புரண்டவை எல்லாம் சேர்ந்து 1+90+4005=4096, அதாவது 2இன் 12ஆம் அடுக்கு, கச்சிதமாக வகுபடுகிறது, ஆனாலும் அப்படிக் குறிமுறை இல்லை. குறிமுறையில் வரும் வெவ்வேறு எழுத்துகளின் எண்ணிக்கை (பிட் என்றால் இரண்டு) பகா எண்ணாகவோ அதன் அடுக்காகவோ இருந்தால், அற்பமானவற்றைத் தவிர, ஹாமிங், கோலே அளவுகளில் மட்டுமே இவை அமையும் என்று டைட்டவைனன், வான் லிண்ட் முதலிய கணிதர்கள் 1973வாக்கில் நிறுவினார்கள். மற்ற எண்ணிக்கைகளில் ஒரு பிழை திருத்தும் நிறைவுக் குறிமுறை உண்டா என்ற பொதுக்கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.