அடிப்படைவாதம்: சொல்லும் பொருளும்

"அடிப்படையைப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படித் தப்பாகும்?" என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். தமிழில் அடிப்படை என்பது நல்ல சொல். அடிப்படைக் கல்வி, அடிப்படை வசதி, அடிப்படை உரிமை என்று நாம் கேட்டுப் போராடும் பலவற்றுக்கும் அதுவே முன்னொட்டு. அதன் பின்னால் 'வாதம்' வந்து ஒட்டியதும் எப்படிக் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது?

இந்தச் சொல் ஃபண்டமெண்டலிசம் என்ற ஆங்கிலச் சொல்லின் நேர் பெயர்ப்பு. லத்தீனில் 'ஃபுண்டுஸ்' என்றால் அடிப்பாகம். தமிழில் 'படை' என்பதற்கு அடுக்கு என்றும் பொருள் உண்டு. அடியில் கிடக்கும் அடுக்கு அடிப்படை. சொல்லுக்குச் சொல் அழகாகப் பொருந்துகிறது. சிக்கல் பெயர்ப்பில் இல்லை, சொல் பிறந்த கதை நமக்குத் தெரியாமல் போனதில் இருக்கிறது. பலர் நினைப்பதுபோல அது தெஹ்ரானிலோ காபூலிலோ பிறக்கவில்லை. பிறந்த இடம் அமெரிக்கா.

1910 முதல் 1915 வரை சிகாகோவிலிருந்து 'தி ஃபண்டமெண்டல்ஸ்' என்ற பெயரில் 12 தொகுதிகள் வெளிவந்தன. கலிஃபோர்னியாவில் எண்ணெய்த் தொழிலில் பணம் சேர்த்த லைமன் ஸ்டூவர்ட்டும் அவருடைய சகோதரர் மில்டனும் செலவை ஏற்றார்கள். ஏறத்தாழ 30 லட்சம் பிரதிகள் போதகர்களுக்கும் மிஷனரிகளுக்கும் இலவசமாகப் போய்ச் சேர்ந்தன. வேதாகமத்தில் பிழை கிடையாது, இயேசு கன்னியிடம் பிறந்தார், உடலோடு உயிர்த்தெழுந்தார் என்பன போன்ற சில நம்பிக்கைகளை எக்காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது என்பதுதான் அவற்றின் சாரம். 1920இல் கர்ட்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் திருச்சபை இதழாசிரியர், இந்த அடிப்படைகளுக்காகப் போரிடத் தயாரானவர்களுக்கு 'ஃபண்டமெண்டலிஸ்ட்' என்று பெயர் வைத்தார். அன்று அது பெருமையோடு சூட்டிக்கொண்ட பெயர்.

அந்த மக்கள் ஏன் இப்படி இறுகினார்கள்? இதைக் கேட்காமல் அகராதிப் பொருளோடு நின்றுவிட்டால் சொல் விளங்காது. அதே 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அமெரிக்காவில் நகரவாசிகள் முதன்முறையாகக் கிராமவாசிகளைவிட அதிகமானார்கள். விவசாயி கடனில் தவித்தார். வேறு மொழியும் வேறு வழிபாடும் கொண்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். பல்கலைக்கழகங்களில் வேதாகமத்தை மற்ற பழைய நூல்களைப் போலவே பிரித்து ஆராய்ந்தார்கள். முதல் உலகப் போரும் வந்து போயிற்று. காலடி மண் நழுவுகிறது என்று உணர்ந்தவர்கள், நழுவாத ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். அந்தப் பயம் பொய்யில்லை.

வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். மூன்று முறை அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர், கடன்பட்ட விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாழ்நாளெல்லாம் பேசியவர். வலியவன் எளியவனை நசுக்குவதை டார்வினின் கொள்கை நியாயப்படுத்திவிடும் என்ற அச்சமும் பரிணாமக் கொள்கையை அவர் எதிர்த்ததற்கு ஒரு காரணம். பரிணாமத்தைக் கற்பிக்கத் தடை விதித்த டென்னசி மாநிலச் சட்டத்தின்கீழ், 1925 ஜூலையில் டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர்மீது வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் நின்றவர் இதே பிரையன்தான். ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். மேல்முறையீட்டில் நடைமுறைப் பிழையைக் காட்டித் தீர்ப்பு ரத்தானது; சட்டம் மட்டும் 1967 வரை நீடித்தது.

ஜனநாயகத்துக்கு வரும் ஆபத்தை இங்கேதான் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் மக்கள் வரிப்பணத்தில் நடக்கிறது, ஆகவே என்ன கற்பிப்பது என்பதை மக்களே தீர்மானிக்கட்டும் என்பது பிரையன் தரப்பின் வாதம். கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பான்மையின் வேத விளக்கம் சட்டமானதும், வகுப்பறையில் ஒரு மாணவன் கேள்வி கேட்கும் வாசல் அடைபட்டுப் போகிறது. ஒருமுறை வாக்களித்து, மறுபரிசீலனைக்கு இடமில்லாமல் செய்துவிடுவது ஜனநாயகத்தின் கழுத்தையே பிடிப்பது.

ஈரானில் இது நாட்டளவில் நடந்தது. 1979 மார்ச் இறுதியில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 98 சதவீதத்துக்கும் மேல் இஸ்லாமியக் குடியரசுக்கு ஆதரவு என்று அறிவித்தார்கள். அதன்பின் தேர்தல்கள் நிற்கவில்லை. ஆனால் யார் போட்டியிடலாம் என்பதைப் 12 பேர் கொண்ட காவல் மன்றம் முடிவு செய்கிறது. அதில் 6 பேர் உச்சத் தலைவர் நியமிக்கும் மார்க்க அறிஞர்கள். 2021 ஜனாதிபதித் தேர்தலுக்கு மனு கொடுத்தவர்கள் 592 பேர், அனுமதி பெற்றவர்கள் 7 பேர். ஃபண்டமெண்டலிசம் என்ற சொல் கிறிஸ்தவத்தை விட்டு உலகச் செய்திகளில் பரவலாக உலவத் தொடங்கியதும் இந்த 1979க்குப் பிறகுதான்.

சரி, தமிழில் எந்தச் சொல் தகும்? பலரும் 'மதவெறி' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சங்கப் பாடல்களில் முருகன் பூசாரியான வேலன் முருகேறி ஆடுவது வெறியாட்டு. வெறி ஏறும், இறங்கும். அடிப்படைவாதம் இறங்குவதில்லை, அது நிதானமாகப் புத்தகம் அச்சடிக்கிறது, பாடத்திட்டக் குழுவில் இடம் பிடிக்கிறது. 'தீவிரவாதம்' என்பதும் சரிவராது, ஆயுதத்தைத் தொடாமலே சட்டத்தைத் திருத்துகிறவர்கள் அந்தச் சொல்லில் தப்பிவிடுவார்கள். வகுப்புவாதம் இன்னொன்று. சடங்கு, சாத்திரம் எதிலும் அக்கறையில்லாதவர்கூடத் தன் கூட்டத்தை மற்றதன்மேல் ஏவும் வகுப்புவாதியாக இருக்கலாம்.

'வாதம்' என்ற பின்னொட்டு மட்டும் எனக்கு உறுத்துகிறது. இந்திர விழாவின்போது, சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள், பகைவரோடும் சண்டை வளர்க்காமல் விலகிப் போங்கள் என்று முரசறைவதாக மணிமேகலை சொல்கிறது. அங்கே வாதி என்றால் எதிர்க் கேள்விக்கு மேடையில் பதில் சொல்பவர். வாதத்தையே மறுக்கும் போக்குக்கு நாம் வாதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நம்மிடம் ஏற்கெனவே உள்ள 'பிடிவாதம்' இந்த மனநிலைக்கு இன்னும் நெருங்கி வருகிறது. சமயப் பிடிவாதம் என்றால் பாட்டிக்கும் புரியும். ஆனால் அது தனிமனிதக் குணத்தோடு நின்றுவிடுகிறது, அதிகாரம் தேடும் இயக்கத்தைக் குறிக்கப் போதாது.

அதனால் இயக்கத்தையும் அரசியலையும் பற்றி எழுதும்போது 'மத அடிப்படைவாதம்' என்று முழுதாகவே எழுதுகிறேன், ஆளின் குணத்தைச் சொல்லும்போது சமயப் பிடிவாதம். தினமும் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போய்வரும் என் அண்டை வீட்டாருக்கு இரண்டுமே பொருந்தாது. அவர்களுக்குப் பக்தர் என்ற பழைய சொல் இருக்கிறது.