அந்தக் கூடை கோணலாகவே இருக்கட்டும்

போன மாதம் ஒரு பிளஸ் டூ மாணவி பாதி பின்னிய ஒயர் கூடையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "நீங்களே வச்சுக்கோங்க மிஸ். வீட்ல இருந்தா அப்பா தூக்கிப் போட்டுடுவார்." இந்தக் கல்வியாண்டில் இப்படி என்னிடம் அடைக்கலம் வந்த மூன்றாவது கைவேலை இது. பள்ளி ஆலோசகராக இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

காலாண்டுத் தேர்வில் கேள்வித்தாளை வாங்கியதுமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடியவள் அவள். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். கண்ணை மூடினால் பயம் கூடுகிறது என்றாள். அப்படிச் சில பிள்ளைகள் உண்டு, வற்புறுத்தக் கூடாது. பாட்டியிடம் கூடை பின்னக் கற்றது பேச்சுவாக்கில் தெரிந்தது. சரி, படித்து முடித்ததும் இருபது நிமிடம் பின்னு, அப்புறம் படுத்துக்கொள் என்றேன். மூன்று வாரத்தில் தூக்கம் சீரானது. எப்படி என்று விளக்க வேண்டுமா என்ன? திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டியவர்களுக்குத் தெரியும்.

அப்பா கேட்டது: "இதுக்கு எத்தனை மார்க்?" அம்மா கேட்டது: "ஏன் இப்படிக் கோணலா இருக்கு?"

எனக்கு எரிச்சல் மூட்டுவது இரண்டாவது கேள்விதான். நேரம் வீண் என்பவரிடம் பேசிப் புரியவைத்துவிடலாம். ஆனால் கைவேலை என்றால் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் பெற்றோர், ஆசிரியர், நிர்வாகம் எல்லோரிடமும் ஊறிக் கிடக்கிறது. "வரையவே வராத பையனுக்கு இதெல்லாம் எதுக்கு மேடம்?" என்று ஓர் ஆசிரியர் கேட்டார். வராதவனுக்கும் இது உதவும் சார்! 2016இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரியவர்கள் 39 பேரை 45 நிமிடம் களிமண், காகிதம், வண்ணப் பேனா என்று இஷ்டப்படி எதையாவது செய்யவிட்டு, முன்னும் பின்னும் எச்சிலைச் சோதித்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் குறைந்திருந்தது. முன்பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், தலையில் தூக்கிவைத்து ஆட மாட்டேன். ஆனால் என் அறையில் நான் பார்ப்பதும் அதுதான்.

அழகு பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். மதிய இடைவேளையில் என் அறையில் அமைதியாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த பிள்ளைகளின் வேலைகளை ஆண்டு விழாவில் கண்காட்சியாக வைத்து, முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று கொடுத்தார்கள். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் பக்கத்தில் இருப்பவள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பரீட்சை வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

ஆகவே தயவுசெய்து மார்க் போடாதீர்கள். பிள்ளை தூங்கியபின் நீங்கள் உட்கார்ந்து பின்னி முடிக்காதீர்கள் (சிரிக்காதீர்கள், நடக்கிறது). வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். கவலைகளை எழுதி மடித்து டப்பாவில் போடும் பிள்ளையின் டப்பாவைத் திறந்து படிக்கவே படிக்காதீர்கள். அப்படிப் படித்து, வகுப்பில் கேட்டும்விட்டார் ஒருவர். அந்தப் பையன் அதன்பின் என்னிடமும் வாய் திறக்கவில்லை.

ஒரு முடிச்சு பிசகினாலும் மொத்தத்தையும் பிரித்துப் பிரித்துப் பின்னும் பிள்ளைகளுக்குக் கூடையே சுமையாகிவிடும். அவர்களிடம் களிமண்ணைக் கொடுங்கள். பிசையட்டும், நசுக்கட்டும், ஒன்றுமே செய்யாமல் உருட்டட்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமுள்ள பிள்ளையிடம் கத்தரிக்கோலோ பிளேடோ தராதீர்கள். ஒயரை நீங்களே வெட்டிக் கொடுங்கள்.

இன்னொன்று. கைவேலை சிகிச்சை ஆகாது. சாப்பாடு இறங்கவில்லை, நாள்கணக்கில் தூக்கமில்லை, "நான் இல்லாம போனா நல்லாருக்கும்" என்று பேச்சு வருகிறது என்றால் கூடையை ஓரம் வைத்துவிட்டு நேராகக் கேளுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416 (டெலி மானஸ்), 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அந்தக் கூடை இப்போதும் என் மேசையில்தான் இருக்கிறது. மதியம் வந்து இரண்டு வரிசை பின்னிவிட்டுப் போகிறாள். கைப்பிடிக்கு ஒயர் பத்தாது போலிருக்கிறது.