ஒருவர் இரண்டு நாற்காலியில் உட்காரும்போது

2025 ஏப்ரல் 28 அன்று, அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்துக்கு வந்துபோகும் விமானங்களைக் கையாளும் கண்ட்ரோலர்களுக்கு ரேடாரும் போனது, ரேடியோவும் போனது. சுமார் 90 நொடிதான். ஆனால் அந்தச் செய்தி வந்ததிலிருந்து, நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பது தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ரேடார் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கிறது. ரேடார் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதை சிமுலேட்டரில் அலுத்துப்போகும் அளவுக்குப் பழகியிருக்கிறோம். ரேடார் இருந்தால் விமான நிலையத்தை நெருங்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே 3 கடல் மைல் இருந்தால் போதும். அல்லது 1,000 அடி உயர வித்தியாசம் இருக்க வேண்டும். திரை அணைந்தால் அந்த 3 மைல் கணக்கு செல்லாது. உயரத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் விமானங்களைப் பிரிப்போம். தரையில் இருப்பதைக் கிளம்ப விடமாட்டோம். பக்கத்து செக்டரை, அதாவது வான்வெளியின் அடுத்த பகுதியைக் கவனிப்பவரை, அழைத்து "இனி அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே மேலே இருப்பவற்றை வட்டமடிக்க வைத்து ஒவ்வொன்றாக இறக்குவோம். ரேடியோவும் சேர்ந்து போவதுதான் கொடுமை. 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்தில் வரும் ஒரு விமானம் 90 நொடியில் 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அதற்கும் விமானிகளுக்கு எழுதிவைத்த நடைமுறை உண்டு.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. திரை திரும்ப வந்த பிறகு, அதன் முன்னால் உட்கார எத்தனை பேர் இருந்தார்கள்?

நியூவர்க்கில் நடந்ததை அந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். நியூயார்க் மையத்தில் பல காலமாக ஆள் போதவில்லை. அதைச் சரிசெய்ய, 2024 ஜூலையில் நியூவர்க் பகுதியைக் கவனிக்கும் பொறுப்பை பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். ஆள் இடம் மாறினாலும் ரேடார் தகவல் நியூயார்க் வழியாகத்தான், நீண்ட தொலைத்தொடர்பு இணைப்பில் வந்துகொண்டிருந்தது. அந்த வழியில் பழுது வந்தபோது திரை அணைந்தது. அதன் பிறகு சில கண்ட்ரோலர்கள் மன அதிர்ச்சிக்கான விடுப்பில் போனார்கள். இருந்ததே கொஞ்சம் பேர்தான், அதிலும் குறைந்தது. மே 9 அதிகாலையில் இன்னொரு முறை 90 நொடி போனது. ஓடுபாதைப் பணியும் சேர்ந்துகொள்ள, வாரக்கணக்கில் விமானங்கள் ரத்தாயின. ஆள் குறையைத் தீர்க்க எடுத்த முடிவு கருவிப் பிரச்சினையில் மாட்டியது. கருவிப் பிரச்சினை திரும்ப வந்து ஆள் குறையை அதிகமாக்கியது. இந்தச் சுழல் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளியே தெரிவது மட்டும் அபூர்வம்.

"வேற ஊர்லேர்ந்து ஆளைக் கொண்டுவர வேண்டியதுதானே?" என்பார்கள். முடியாது. எங்கள் ரேட்டிங், அதாவது வேலை பார்ப்பதற்கான தகுதிச் சான்று, ஒவ்வொரு நிலையத்துக்கும், அங்குள்ள ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி. டவரில் பத்து வருடம் இருந்தவர்கூட, இன்னொரு நிலையத்தின் அப்ரோச் ரேடார் (நிலையத்தை நெருங்கும் விமானங்களைக் கவனிப்பது) முன்னால் முதல் நாள் டிரெய்னிதான். அங்குள்ள வழித்தடங்கள், பக்கத்து செக்டரோடு உள்ள ஒப்பந்தங்கள், மலை எங்கே, ராணுவப் பகுதி எங்கே என்று எல்லாம் மனப்பாடமாக வேண்டும். பிறகு மாதக்கணக்கில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையான விமானங்களை வைத்துக் கற்றுத்தர வேண்டும். அந்த ஒருவர் யார்? ஏற்கெனவே ஷிப்டுக்கு ஆள் போதாமல் ஓடிக்கொண்டிருக்கும் அதே கண்ட்ரோலர். ஆள் குறைந்தால் முதலில் நிற்பது பயிற்சிதான். பயிற்சி நின்றால் அடுத்த வருடமும் ஆள் இருக்காது.

சரி, ஆள் இல்லாத அன்று என்ன நடக்கும்? விமான நிலையத்தை மூடுவதில்லை. இரண்டு செக்டரைச் சேர்த்து ஒருவரிடம் கொடுப்பார்கள். போக்குவரத்து குறைவான நேரத்தில் இது முறைப்படி செய்வதுதான், தப்பே இல்லை. ஆனால் நெரிசல் ஏறும்போது செக்டரைத் திரும்பப் பிரிக்க இன்னொருவர் இருக்க வேண்டும். அவர் இல்லாதபோதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

இதோடு சத்தமில்லாமல் குறையும் இன்னொன்று, கைமாற்றம். ஒரு கண்ட்ரோலர் எழுந்து இன்னொருவர் உட்காரும்போது சும்மா இடம் மாறுவதில்லை. வந்தவர் முதலில் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு எழப்போகிறவர் வரிசையாகச் சொல்வார்: எந்த ஓடுபாதை, காற்று எப்படி, எந்தக் கருவி பழுது, யார் யார் எந்த உயரத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள், யாருக்கு என்ன சொல்ல பாக்கி. வந்தவர் ஹெட்செட் மாட்டிப் பேச ஆரம்பித்த பிறகும் பழையவர் சில நிமிடம் அங்கேயே நிற்பார். அந்தச் சில நிமிடத்தில் "அந்த ரெண்டாவது விமானத்துக்கு இன்னும் இறங்கச் சொல்லலை" என்று ஞாபகம் வந்து சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆள் குறைந்த ஷிப்டில் அவரால் நிற்க முடியாது. அடுத்த நாற்காலி காத்திருக்கும். ரோஸ்டரில், அதாவது ஷிப்டுப் பட்டியலில், இந்தச் சில நிமிடத்துக்குக் கட்டம் கிடையாது, அதனால் அது குறைந்ததும் கணக்கில் வராது.

ஆள் குறையும் கருவிக் குறையும் ஒரே இரவில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2002 ஜூலை 1 இரவைத்தான் பயிற்சி வகுப்புகளில் இன்றும் எடுத்துக்கொள்கிறோம். தெற்கு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகரத்துக்கு மேலே உள்ள வான்வெளியை சூரிக் மையம் பார்த்துக்கொண்டிருந்தது. இரவு ஷிப்டில் இருவர். ஒருவர் ஓய்வெடுக்கப் போய்விட்டார். அது அங்கே வழக்கம், நிர்வாகத்துக்கும் தெரியும். அன்று பராமரிப்புப் பணி நடந்தது. அதனால் மோதல் அபாயத்தைத் திரையில் காட்டும் வசதி இல்லை. முக்கியத் தொலைபேசி இணைப்பையும் நிறுத்தியிருந்தார்கள், மாற்று இணைப்பில் பழுது. இருந்த ஒருவர் இரண்டு கன்சோல்களை, இரண்டு ஃப்ரீக்வென்சிகளைக் கவனித்தார். தாமதமாக வந்த ஒரு ஏர்பஸ் ஃப்ரீட்ரிக்ஷாஃபனில் இறங்க வேண்டும். அந்த விமான நிலையத்துக்குப் போன் போட்டுப் பார்க்கிறார், போகவில்லை. திரும்பப் போடுகிறார். அந்த நேரத்தில் 36,000 அடியில் ஒரு டுபொலெவ் விமானமும் ஒரு போயிங் சரக்கு விமானமும் ஒரே இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன. பக்கத்து கார்ல்ஸ்ரூ மையத்துக்கு அபாயம் தெரிந்துவிட்டது. அவர்கள் சூரிக்கை அழைத்துப் பார்த்தார்கள், தொலைபேசி கிடைக்கவே இல்லை. சூரிக் கண்ட்ரோலர் கவனித்தபோது ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. டுபொலெவை இறங்கச் சொன்னார். அந்த விமானத்தில் இருந்த, மோதலைத் தவிர்க்க விமானிக்கு வழிசொல்லும் டிகாஸ் கருவியோ ஏறச் சொன்னது. விமானிகள் கண்ட்ரோலர் சொன்னதைக் கேட்டு இறங்கினார்கள். போயிங்கும் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தார்கள்.

டிகாஸ் சொன்னால் கண்ட்ரோலரின் பேச்சைக் கேட்கக் கூடாது என்ற விதி அதற்குப் பிறகுதான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆனது. அந்தக் கண்ட்ரோலர் 2004இல் கொல்லப்பட்டார். கொன்றவர் விபத்தில் குடும்பத்தை இழந்தவர். 2007இல் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது சூரிக் மையத்தை நடத்திய நிறுவனத்தின் நான்கு மேலாளர்களை. தலையில் ஹெட்செட்டோடு இருப்பவரிலிருந்து, ரோஸ்டரில் கையெழுத்துப் போடுபவர் வரை பொறுப்பு நீண்டது. என் பார்வையில் அந்தத் தீர்ப்பு சரி.

ரேடார், ரேடியோ மட்டும்தான் கருவி என்று நினைக்க வேண்டாம். 2025 நவம்பரில் டெல்லியில் 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமானதற்குக் காரணம் ரேடார் பழுதல்ல. பயணத் திட்டங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் தானியங்கிச் செய்தி அமைப்பு மக்கர் செய்தது. ஒவ்வொரு திட்டத்தையும் கையால் தயார்செய்ய வேண்டி வந்தது. கருவி படுத்தால் அதற்கு மாற்று மனிதக் கைகள்தான். அதனால், "புது சிஸ்டம் வருது, ஆள் குறைச்சுக்கலாம்" என்று யாராவது கணக்குப் போட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பழைய கருவி என்றாலே கேவலம் என்று பேசுவதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காகித ஸ்ட்ரிப்பைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. ஒரு விமானத்துக்கு ஒரு துண்டுக் காகிதம், அதில் உயரமும் நேரமும் பேனாவால் எழுதியிருக்கும். மின்சாரம் போனாலும் அது அணையாது. பிரச்சினை வயதல்ல, பராமரிக்க முடியாமல் போவதுதான். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், அங்குள்ள 138 கட்டுப்பாட்டு அமைப்புகளில் 51 இனி பராமரித்து ஓட்ட முடியாத நிலையில் இருக்கின்றன, 54 அந்த நிலைக்குப் போகக்கூடியவை என்று சொன்னது. உதிரிபாகம் கிடைக்காது, அதைத் தெரிந்த இன்ஜினியர் ஓய்வு பெற்றுவிட்டார், இதுதான் உண்மையான சிக்கல். கண்ட்ரோலர் பற்றாக்குறை செய்தியாகிறது. பராமரிப்பு இன்ஜினியர் பற்றாக்குறை செய்தியாவதே இல்லை.

அடிக்கடி வீணாக அலறும் கருவி இன்னொரு தலைவலி. 1997 ஆகஸ்ட் 6 அன்று குவாமில் கொரியன் ஏர் விமானம் மலையில் மோதி 228 பேர் இறந்தார்கள். முதன்மைக் காரணம் விமானிகளின் பக்கம். ஆனால் விமானம் தாழ்வாகப் பறந்தால் எச்சரிக்க வேண்டிய தரை அமைப்பு, வீண் அலாரம் தொல்லை என்று முன்பே முடக்கப்பட்டிருந்தது.

பயணிகள் இதை வைத்து என்ன செய்வது? விபத்துச் செய்தி வரும்போது "கருவி பழசா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் எத்தனை இருக்கைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள், கடைசியாக ஓய்வு கிடைத்தது எப்போது, பழுது இருப்பது உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள். பத்திரிகையாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேட்டால் இன்னும் நல்லது. உள்ளே இருந்து நாங்கள் எழுதும் அறிக்கைகளுக்கு வெளியிலிருந்து வரும் கேள்விகள்தான் பலம்.

அப்புறம், கேட்டை விட்டுக் கிளம்பாமல் விமானத்தை நிறுத்திவைத்து, "ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) காரணமாகத் தாமதம்" என்று விமானி அறிவித்தால் எரிச்சல் வருவது புரிகிறது. மேலே எரிபொருளை எரித்துக்கொண்டு வட்டமடிப்பதற்குப் பதில் கீழே காத்திருக்கச் சொல்கிறோம். பெரும்பாலும் அந்த அரைமணி நேரத்தில்தான் யாராவது ஓய்வறையிலிருந்து திரும்பி வந்து, சேர்த்து வைத்த செக்டரைப் பிரித்து வாங்கிக்கொள்கிறார்கள்.