ரௌட்டர் வாங்கும் முன் அந்த 94-ஐப் பாருங்கள்

நாகர்கோவில் வடசேரியில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர். 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறார். "தம்பி, 200-க்குப் பைசா வாங்கிட்டு பாதிதான் தாறானுவ" என்று போனில் ஒரே புகார். நேரில் போனபோது ஒரு டைரியை எடுத்து நீட்டினார். ஒரு வாரமாகக் காலை, மதியம், இரவு என்று ஸ்பீடு டெஸ்ட் போட்டுத் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார்: 94, 93, 94, 94, 93.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. லைனில் நெரிசல் என்றால் எண் ஆடும். ராத்திரி ஒன்பது மணிக்கு 60 வரும், விடியற்காலையில் 170 வரும். எந்நேரமும் 94-லேயே குத்துக்கல் மாதிரி நிற்கிறது என்றால், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் வாசல் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் டேட்டாவோடு சேர்ந்து போகிற முகவரி, உறை எல்லாம் கழிந்தது போக, நம் கைக்கு வருவது 94 சொச்சம்தான்.

ரௌட்டரைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு ஆன்டெனா, இரண்டு பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை), பெட்டியில் கொட்டை எழுத்தில் ஏசி 1200 (AC1200). ஆனால் பின்னால் இருந்த போர்ட் எல்லாமே 10/100, அதாவது 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாதவை. அந்த 1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்று இரண்டையும் கூட்டி, கொஞ்சம் தூக்கி எழுதிய எண். அதுவும் காற்றில் போகிற கணக்கு. நெட் உள்ளே நுழைகிற வாசல் 100 என்றால், மொட்டை மாடியில் எவ்வளவு பெரிய டேங்க் வைத்து என்ன, தண்ணீர் ஏறுவது அரை இஞ்சு பைப்பில்தானே. சார் சிரித்துவிட்டார். "கூட்டிப் போட்டிருக்கான், நான் கவனிக்கல பாத்தியா" என்றார். கணக்கு வாத்தியாருக்கு அதுதான் உறுத்தியது.

ஆகவே ரௌட்டர் வாங்கப் போனால் பெட்டியில் முதலில் தேட வேண்டியது 10/100/1000 அல்லது கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்ற சொல். வான் (WAN) என்று எழுதியிருக்கும், நெட் உள்ளே வரும் போர்ட்டிலும் இருக்க வேண்டும், வீட்டுக் கருவிகளுக்கு ஒயர் எடுக்கும் லேன் (LAN) போர்ட்டுகளிலும் இருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே பிளான் வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் பிளான்கள் ஏறிக்கொண்டேதான் போகின்றன.

ஒரு எச்சரிக்கை. 94 வந்தால் உடனே ரௌட்டரைக் குறை சொல்லிவிடாதீர்கள். ஒயரும் இதே வேலையைச் செய்யும். லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஒயர் நுனியில் பிளக்கை அழுத்தி மாட்டும்போது (கிரிம்ப்) மீதி இரண்டு ஜோடியில் ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை என்றால் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். ஒரே ஒயரில் நான்கு கம்பியை நெட்டுக்கும் மீதி நான்கை வேறொன்றுக்கும் எடுத்து வைத்திருந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். பெட்டியோடு வந்த சின்ன ஒயரை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். பழைய லேப்டாப்பில் சோதிப்பவர்கள் அதன் லேன் போர்ட்டே 100-தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மார்த்தாண்டம் பக்கம். கல்ஃபில் வேலை பார்க்கும் அண்ணன் கட்டிய மூன்று மாடி வீடு. லீவுக்கு வந்தபோது துபாயிலிருந்து எட்டுக் கொம்பு வைத்த வைஃபை 7 ரௌட்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அங்கத்து பிளக் மூன்று தட்டையான கால் வைத்தது. நம் பிளக் பாயிண்டில் நுழையாது. கன்வெர்ட்டர் ஒன்று மாட்டி, அது ஆடாமல் இருக்க டேப் சுற்றி வைத்திருந்தார். ரௌட்டர் இருந்தது கீழே முன்னறை ஷோகேஸில், டிவிக்குப் பின்னால். ஃபைபர் வந்து இறங்கிய இடம் அது என்பதால் அங்கேயே வைத்துவிட்டார்கள். மகன் படிக்கும் அறை இரண்டாம் மாடியில் பின்பக்கம்.

அவருடைய அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "இவ்வளவு பைசா குடுத்து வாங்கியாந்தும் மேல நெட்டு கிட்டலயே மக்கா. பய கிளாஸ் நேரத்துல இந்தப் படியிலதான் வந்து இருக்கான்."

அந்த ரௌட்டரில் ஒரு குறையும் இல்லை. நடுவில் இரண்டு கான்கிரீட் தளம், ஒன்பது இஞ்சு சுவர் மூன்று, வழியில் ஒரு இரும்பு பீரோ. கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி வலையும் பீரோவின் தகடும் சிக்னலைத் திருப்பி அடிக்கும். மீன் தொட்டி இருந்தால் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவருக்குச் சீக்கிரம் தோற்றுப்போகும். 2.4 மெதுவானது, கொஞ்சம் தூரம் தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. பக்கத்து வீடுகள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

கொம்பு பற்றி ஒரு விஷயம். நட்டக்குத்தலாக நிற்கும் ஆன்டெனாவிலிருந்து சிக்னல் பந்து போலப் பரவுவதில்லை. உளுந்து வடையைக் கம்பியில் கோத்தது போல, பக்கவாட்டில்தான் அதிகம் பரவும். கம்பியின் நுனிக்கு நேர் மேலே குறைவு. ஆன்டெனாவின் டிபிஐ எண் (சிக்னலை எவ்வளவு குவிக்கும் என்ற அளவு) கூடக் கூட அந்த வடை இன்னும் தட்டையாகும். ஒரே தளத்தில் நீளமாகக் கிடக்கும் ஓட்டு வீட்டுக்கு அது நல்லது. மாடி வீட்டுக்கு எதிரி. இரண்டு கொம்பையாவது படுக்க வைத்துப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம்.

அண்ணன் வீட்டில் நான் செய்தது ஒன்றே ஒன்று. கீழிருந்து இரண்டாம் மாடிக்கு ஒரு கேட் 6 (Cat 6) லேன் ஒயர் இழுத்தேன். வெளிச்சுவர் வழியாக, வெயில் தாங்கும் பைப்புக்குள். வீட்டில் சும்மா கிடந்த பழைய கிகாபிட் ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில், அதாவது ஒயரில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்க மட்டும் செய்யும்படி மாற்றி மேலே வைத்தேன். பெயரும் பாஸ்வேர்டும் கீழே இருப்பதே. பையன் படியை விட்டு அறைக்குப் போய்விட்டான். அண்ணனுக்குத்தான் வருத்தம். துபாயில் கொடுத்த காசுக்கு நாலு வீட்டுக்கு ஒயர் இழுத்திருக்கலாம் என்று அவரே சொன்னார், நான் சொல்லவில்லை.

வெளிநாட்டுப் பெட்டியில் இன்னொரு சங்கடமும் உண்டு. எந்த சேனலில் எவ்வளவு பவரில் பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. விற்கும் நாட்டுக்கு ஏற்றபடி பூட்டி அனுப்புகிறார்கள். வாரண்டியும் இங்கே செல்லாமல் போகலாம்.

மெஷ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டு மூன்று பெட்டிகளை வீட்டில் அங்கங்கே வைத்தால் எல்லாம் ஒரே வைஃபையாக நடக்கும், நாம் நடந்து போகும்போது போன் தானாக அடுத்த பெட்டிக்கு மாறும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெட்டிகள் தமக்குள் காற்றிலேயே பேசிக்கொண்டால், அந்தப் பேச்சும் நம் நெட்டும் ஒரே நேரத்தைப் பங்கு போட வேண்டும். இரண்டு பேண்ட் மட்டும் உள்ள மலிவான மெஷ்ஷில் அடுத்த பெட்டியில் வேகம் பாதியாவது இதனால்தான். தமக்குள் பேசிக்கொள்ளத் தனி பேண்ட் உள்ள மூன்று பேண்ட் மெஷ் பரவாயில்லை. பெட்டிகளை ஒயரால் இணைக்க முடிந்தால் அதுதான் முதல் தரம். இன்னொரு தவறு, சிக்னல் வராத அறையிலேயே இரண்டாவது பெட்டியைக் கொண்டுபோய் வைப்பது. அதற்கே சிக்னல் கிடைக்காதபோது அது நமக்கு எதைக் கொடுக்கும்? பாதி வழியில் வையுங்கள்.

புதிதாக வீடு கட்டுபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்தும்போதே ஒவ்வொரு மாடிக்கும் நெட்டுக்கென்று ஒரு காலி பைப் போடச் சொல்லுங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் சேர்த்துப் போட வேண்டாம். ஒயரைப் பிறகு இழுத்துக்கொள்ளலாம். பெயின்ட் அடித்து முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டால் சுவருக்கு வெளியேதான் ஒயர் ஓடும், அப்புறம் அக்காமார் முகம் சுளிப்பார்கள்.

சரி, வைஃபை 5-ஆ, 6-ஆ, 7-ஆ? என் பதில் இப்போதைக்கு 6. காரணம் உச்ச வேகம் அல்ல. வைஃபை 5 என்பது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் வந்தது. அந்தப் பெட்டிகளில் 2.4 பக்கம் ஓடுவது 2009-இல் வந்த பழைய வைஃபை 4. நம் வீட்டு கேமரா, ஸ்மார்ட் பல்ப், தூரத்து அறை போன் எல்லாம் நம்பியிருப்பது அந்த 2.4-ஐத்தான். வைஃபை 6 இரண்டு பேண்டையும் சேர்த்தே திருத்தியது. ஒரே நொடியில் பல கருவிகளுக்குச் சேனலைத் துண்டு துண்டாகப் பங்கு பிரித்துக் கொடுக்கும் வேலையும் அதில்தான் வந்தது. பத்துப் பதினைந்து கருவி உள்ள வீட்டில் இது தெரியும். வைஃபை 7-க்குச் சான்று கொடுக்கத் தொடங்கியது 2024 ஜனவரியில். இரண்டு பேண்டை ஒரே சமயத்தில் சேர்த்துப் பிடிக்கும் அதன் பெரிய வசதி வேலை செய்ய, உங்கள் போனும் லேப்டாப்பும் வைஃபை 7-ஆக இருக்க வேண்டும். நான்கு வருடம் பழைய போனை வைத்துக்கொண்டு ரௌட்டரை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

ஒரு பெட்டி வாங்கிய பிறகு வரும் போன்களில் எனக்குப் பிடித்தது: "அண்ணே, புது ரௌட்டருல ஒயரு நுழையல." ஃபைபர் நேராக ரௌட்டரில் ஏறாது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மாற்றித் தரும் ஓஎன்டி பெட்டி நெட் கொடுப்பவர் தந்தது. அது இருந்தே ஆக வேண்டும். அதிலிருந்து லேன் ஒயர் எடுத்துத்தான் உங்கள் ரௌட்டருக்கு. ஃபைபர் நுனியில் பச்சை, நீலம் என்று இரண்டு நிறத் தலை உண்டு. பச்சையின் முகம் சாய்வாகச் சீவியது. இரண்டையும் மாற்றிச் செருகினால் ஒளி பாதியிலேயே சிதறும். அதை நீங்கள் தொட வேண்டாம். புது ரௌட்டர் வைத்ததும் ஓஎன்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதை பிரிட்ஜ் மோடில் (ரௌட்டர் வேலை பார்க்காமல் நெட்டை அப்படியே கடத்திவிடும் அமைப்பில்) போட்டுத் தர முடியுமா என்று நெட் கொடுப்பவரிடம் கேளுங்கள். இரண்டு பெட்டியும் ரௌட்டர் வேலை பார்த்தால் விளையாட்டுப் பசங்களும் ஆபீஸ் விபிஎன் போடுபவர்களும்தான் முதலில் திட்டுவார்கள். ஓஎன்டியில் லாஸ் (LOS, ஒளி வரவில்லை என்று காட்டுவது) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ரௌட்டருக்குச் சம்பந்தமே இல்லை. தோப்புக்குள் எங்காவது தென்னை மட்டை விழுந்து ஃபைபரை இழுத்திருக்கும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் சுருக்கமாக. குழந்தை பெயரும் பிறந்த வருடமும் பாஸ்வேர்டு அல்ல. செல் நம்பரும் அல்ல. ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போகும் பாஸ்வேர்டு தனி, அதையும் மாற்ற வேண்டும். பாதிப் பேர் அதை மாற்றுவதில்லை. வைஃபைக்குப் பூட்டுப் போடும் முறையில் புதியதான டபிள்யூபிஏ 3 (WPA3) இருக்கும் பெட்டியாக வாங்குங்கள். பழைய கருவிகள் இருந்தால் 2-உம் 3-உம் கலந்த அமைப்பில் வையுங்கள். ஒரு பட்டனை அமுக்கினால் இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் நம்பரை இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால், சுமார் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே வெளியாகிவிட்டது. கேமராக்களையும் வீட்டுக்கு வருபவர்களையும் கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கான தனி வைஃபையில்) விடுங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். சித்திரையில் ஒரு இடி, ஐப்பசியில் ஒரு இடி. ஃபைபர் கண்ணாடி, அதில் கரண்ட் வராது என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: போன ஐப்பசியில் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் ரௌட்டர், டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) இரண்டும் கருகின. மின்சாரப் பிளக்கைக் கழற்றித்தான் வைத்திருந்தார்கள். வந்தது கேட்டில் வைத்திருந்த கேமராவின் லேன் ஒயர் வழியாக. இடி முழங்கும்போது பிளக்கோடு, வெளியே போகும் லேன் ஒயரையும் கழற்றுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் ஜன்னலோரம் ரௌட்டர் வைக்காதீர்கள். உப்புக் காற்றில் போர்ட்டின் உள்ளே பச்சை பூத்துவிடும், நெட் வந்து வந்து போகும்.

கரண்ட் போனாலும் நெட் வேண்டும் என்று மினி யூபிஎஸ் வாங்குபவர்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 12 என்றால் 12, 9 என்றால் 9. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தப்பில்லை, குறையக் கூடாது. ஓஎன்டி, ரௌட்டர் இரண்டுக்கும் சேர்த்து வாங்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வாங்கிவிட்டு வைஃபை இருக்கு நெட் இல்லை என்று என்னைக் கூப்பிட்ட வீடுகள் உண்டு. கடைக்குப் போகும்போது இரண்டு அடாப்டரையும் கையில் எடுத்துக்கொண்டே போங்கள், பின் அளவு சரிதானா என்று அங்கேயே செருகிப் பார்த்துவிடலாம்.